முக்கால் என்று சொன்னவர்

‘ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மாவட்டத்தில் இப்படிச் சொல்லாத ஆளே இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார், ரேஷன் கடை வரிசையில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் சொல்லிவிடுவார்கள். எதை வைத்துத் தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது, போன தடவை இப்படிச் சொன்னது பலித்ததா என்று ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. தனக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சரியாகச் சொன்ன ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு மனச்சிதைவு என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தார்கள்.

பெயர் வேண்டாம். அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன். ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். நாற்பதைத் தாண்டியவர், கட்டையான உருவம், பேசும்போது முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டே இருப்பார். ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்த்தவர். நோய் முற்றிய சமயத்தில் ஒரு நாள், அடுப்பை அணைக்கச் சொல்லி ஓர் ஆண்குரல் கேட்டிருக்கிறது. எரிகிற விறகில் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டார். உலை பாதியில் நின்றது, பிள்ளைகள் அன்று பன்னைத் தின்றுவிட்டு வகுப்புக்குப் போனார்கள். ‘சரியானதும் வா, பார்க்கலாம்’ என்று விடுதியில் சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சமையற்கட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பது ஒன்றுதான் அக்காவுக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கசக்கிற மாத்திரையையெல்லாம் விழுங்கினார், அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறிப் புதுக்கோட்டைக்கு, எங்கள் மையத்துக்கு வந்தார்.

மனநோய் வந்தவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போகிற ஒரு மையத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன். வெளியூர்த் திட்டம் ஒன்றில் எங்களுக்கு டேப்லெட்டுகள் வந்திருந்தன. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குத் தாம் ஒரு காரியத்தை எவ்வளவு சரியாகச் செய்தோம் என்று கணிப்பதில் தடுமாற்றம் இருக்கிறதாம். சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள். அதைச் சரிக்கட்டத்தான் பயிற்சி. மருந்துக் கடையில் மருந்து வாங்குவது, பஸ் பிடிப்பது, ஒரு முகத்தைப் பார்த்து அதில் கோபமா பயமா என்று சொல்வது, இப்படி விளையாட்டுபோல ஏதாவது வரும். செய்து முடித்ததும், எவ்வளவு சரியாகச் செய்தீர்கள் என்று அது கேட்கும். திரையில் உள்ள கோட்டில் விரலை வைத்து நகர்த்திக் காட்டவேண்டும். பிறகு உண்மையில் எவ்வளவு சரி என்று அதே கோட்டில் அது காட்டும். இரண்டுக்கும் இடைவெளி குறையக் குறைய, ஆள் தன்னைத் தானே சரியாகப் பார்க்கிறார் என்று அர்த்தம். யோசனை நல்ல யோசனைதான். அதை இன்றும் சொல்வேன்.

முதல் நாள் டேப்லெட் வாயைத் திறந்ததுமே அக்கா சிரித்துவிட்டார். ‘உங்கள் செயல்திறனை எவ்வாறு மதிப்பிடுகிறீர்கள்?’ என்றது அது.

“யாரு தங்கச்சி இது, கோர்ட்டுல இருந்து பேசுறாகளா?”

“இல்லக்கா, எவ்வளவு சரியா செஞ்சீங்கன்னு கேக்குது.”

“அத அப்புடிக் கேட்டா என்னவாம்?”

காட்டிய முகங்கள் எல்லாம் எந்த நாட்டு முகங்களோ. பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து, “இந்த ஆளுக்குப் பல்லு வலி, வேற ஒண்ணுமில்ல” என்றார். சரியான விடை ‘மகிழ்ச்சி’ என்று வந்தது. எனக்கும் அது பல்வலியாகத்தான் தெரிந்தது.

முகங்களை விட்டால் மற்ற எல்லாவற்றையும் அக்கா நன்றாகச் செய்தார். ஆனால் கோடு வந்ததும் விரலைக் கொண்டுபோய் அடிமட்டத்தில் வைப்பார். ஒரு தப்பும் இல்லாமல் முடித்த அன்றும் அடிமட்டம்தான். வாரக் கூட்டத்தில் சென்னையிலிருந்து திரையில் பேசுகிற திட்ட ஒருங்கிணைப்பாளர், “தன்மதிப்பீடு மிகக் குறைவு, நோயின் தாக்கம் அதிகமாக இருக்கிறது” என்றார். அவர் அக்காவை நேரில் பார்த்ததே கிடையாது. கோடுகளைப் பார்த்தார், அது போதும் என்றிருந்தார்.

நான் அக்காவிடமே கேட்டேன். ஏன் இப்படிக் குறைத்து வைக்கிறீர்கள்?

“என்ன தங்கச்சி பேசுறீங்க? நான் நல்லா செஞ்சேன்னு நானே சொல்லுறதா? ஆங்காரமில்ல அது? தலையான பாவத்துல மொதப் பாவம்.”

செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் கோவிலில் முழந்தாளிட்டு ஆத்தும சோதனை செய்து பழகியவர் அவர். அந்தச் சோதனையில் செய்த தப்பைத்தான் தேடுவார்கள். செய்த நல்லதை எண்ணிப் பார்ப்பது அதில் சேர்த்தியில்லை. உன்னைப் பற்றிச் சொல் என்று டேப்லெட் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு சின்ன வயதிலிருந்து செய்ததையே செய்திருக்கிறார். இதில் நோய் எங்கே வந்தது? ஒருங்கிணைப்பாளரிடம் விளக்கினேன். “பண்பாட்டுக் காரணிகளைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அந்தப் பின்னால் கடைசிவரை வரவில்லை.

அவரை நம்பிப் பயனில்லை என்று ஒரு நாள் நானே சொல்லிப் பார்த்தேன். “அக்கா, நல்லா செஞ்சதச் செய்யலன்னு சொன்னா அது பொய்யில்லையா?”

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மறுநாள் வந்து செருப்பைக் கழற்றும்போதே, “அதுவும் பொய்தான்” என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் விரல் கோட்டில் மேலே ஏறியது.

ஏறியது என்றால் சும்மா இல்லை. அதற்குப் பிறகு அக்காவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. திரையில் எண்கள் இருந்தன, அவர் அவற்றைச் சட்டை செய்யவில்லை. எண்ணெயும் பருப்பும் அளந்த ஆள், கால் அரை முக்கால் முழுசு என்றுதான் சொல்வார். தன்னைச் சொன்னதோடு நிற்காமல் ஊரையும் அளக்க ஆரம்பித்தார். “ஒனக்கு யாரோ செய்வினை வச்சிருக்காகடி, எனக்கு நல்லாத் தெரியும்” என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்கு, “நல்லாத் தெரியும்னா எவ்வளவு? கால்கூட இருக்காதே” என்றிருக்கிறார். அந்தம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கொத்தனார் வேலை பார்க்கிற அவருடைய அண்ணன், நாளைக்கு வந்து ஓட்டைப் பிரித்துப் போடுகிறேன் என்றால், “அண்ணே, அது முழுசா அரையா?” என்பார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அரைதான் தாயி” என்று ஒப்புக்கொள்வார். அரை என்று சொன்ன நாளில் பெரும்பாலும் வந்துவிடுவார். அதுதான் வேடிக்கை.

என்னையும் விடவில்லை.

“இந்தப் படிப்புப் படிச்சா எனக்கு அந்த வேல திரும்பக் கெடைக்குமா தங்கச்சி?”

“கெடைக்கும்கா.”

“எவ்வளவு?”

சட்டென்று வாயில் வந்தது முழுசுதான். அவர் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டு, “அரை” என்றேன்.

“அரை போதும்” என்றார்.

அவரை ஒரு சாந்த சொரூபியாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபக்காரர். மையத்தில் நாங்கள் போடுகிற டீயை, “கழுநீரு” என்று சொல்லிக் கொட்டிவிட்டு அவரே அடுப்படிக்குள் புகுந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் மதியச் சமையல் அவருடையதானது. வெங்காயத்தை அவர் நறுக்குகிற மாதிரி நறுக்காவிட்டால் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். அங்கேதான் அவருடைய வேலை முறையை நான் பார்த்தேன். குழம்பைக் கிளறிக்கொண்டே இருப்பார். திடீரென்று கரண்டி நிற்கும். தலையைத் திருப்பி அடுப்படியில் நிற்கிற எங்கள் எல்லோருடைய வாயையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகாது. 

“குரல் கேட்டுச்சாக்கா?” என்றேன் ஒரு நாள்.

“ஆமா, பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சு. ஒருத்தரு வாயும் அசையல. அப்ப அது எனக்குள்ள கேக்குறது, அதுக்கு நான் எதுக்குத் திரும்பணும்? தள்ளி நில்லுங்க, தெறிக்கும்.”

இதை எந்த டேப்லெட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்ததும் நின்று சரிபார் என்பதை மட்டும் அது பழக்கியது, மீதியை அவரே தன் அடுப்பங்கரைக்கு ஏற்ற மாதிரி செய்துகொண்டார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எல்லாவற்றையும் கேட்டு, சமையல் வேலைக்குத் தாராளமாகப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

விடுதிக்கு அண்ணனும் நானும் கூடப் போனோம். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அண்ணன் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

“கேட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லு. ஒத்த வார்த்த. அதுக்கு மேல வாயத் தொறக்காத.”

“அது முக்கால்தானண்ணே.”

“முக்கால் முழுசெல்லாம் அங்க வேணாந்தாயி. ஒன்னயக் கும்புட்டுக் கேக்குறேன்.”

நீட்டிய டாக்டர் சீட்டை வாங்காமல், விடுதி நிர்வாகி செல்போனைப் பார்த்துக்கொண்டே, “இப்ப எப்படிம்மா இருக்கே?” என்றார்.

“முக்கால் சரியாயிருக்கு சார்.”

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நிர்வாகி தலையைத் தூக்கினார். “முக்கால்னா?”

அக்கா சொல்ல ஆரம்பித்தார். “சமையல் முழுசு சார். எத்தன புள்ளைக வந்தாலும் அரிசி கூடாது கொறையாது. மாத்திர விடாமப் போடுறேன், அதுவும் முழுசு. தூக்கம் முக்கால்தான். சத்தம் எப்பயாச்சும் கேக்கும். கேட்டா நின்னு சுத்திப் பாப்பேன். யாரு வாயும் அசையலன்னா என் வேலயப் பாப்பேன். அடுப்ப அணைக்க மாட்டேன் சார். அது முழுசு.”

வேலை கேட்டுப் போன இடத்தில் இப்படிப் பேசிய ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்ன முடியும், எது முடியாது, முடியாததற்கு என்ன செய்து சமாளிக்கிறார் என்று அத்தனையும் அதில் இருந்தது. அந்த மனிதர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

“சத்தம் கேக்குதா? இன்னமுமா?”

“எப்பயாச்சும் சார்.”

“மறுபடி நோய் வராதுன்னு கேரண்டி குடுப்பியா?”

அக்கா யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அண்ணன் பின்னாலிருந்து அவர் முதுகை இடித்தார்.

“அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாது சார். முக்கால் சொல்லலாம்.”

நிர்வாகி சிரித்தார். “புள்ளைங்க சாப்புடுற எடம்மா இது. எனக்கு முழுசா வேணும்.” என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, அக்கா அங்கே இல்லாத மாதிரி, “ஆளப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிருச்சு மேடம்” என்றார்.

“நாளைக்கும் நீங்க இந்தச் சேர்ல நல்லபடியா ஒக்காந்திருப்பீங்கன்னு கேரண்டி குடுப்பீங்களா சார்?” என்று கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. அண்ணன் என் பையைப் பிடித்து இழுத்தார். நாங்கள் வெளியே வரும்போது சமையற்கட்டு வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. அக்கா இடத்தில் வேலை பார்க்கிற அம்மாள் செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேரண்டி கேட்டிருக்கமாட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அண்ணன் வெடித்தார். “ஒத்த வார்த்த சொல்லச் சொன்னேனே! சொன்னேனா இல்லையா?”

“நான் பொய் சொல்லலண்ணே.”

“அதுதான்டி தப்பு!” என்று கத்திவிட்டுப் பக்கத்திலிருந்த புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. அவரை எப்படித் திட்டுவது? தங்கச்சிக்கு வேலை கிடைக்கவேண்டும் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை. அக்கா அழவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு, “நான் என்ன தங்கச்சி தப்பாச் சொன்னேன்?” என்று என்னைக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். “அப்பறம் ஏன்?” என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

திட்டம் முடிந்தபோது திருச்சியில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். ஒருங்கிணைப்பாளரை அன்றுதான் முழு உடம்போடு பார்த்தேன். பெயர் சொல்லாமல் அக்காவின் படத்தைத் திரையில் போட்டார், அதாவது அக்காவின் கோடுகளை. அக்கா தன்னைப் பற்றிச் சொன்னது ஒரு கோடு, உண்மை ஒரு கோடு. தொடக்கத்தில் தள்ளித் தள்ளி இருந்தவை போகப்போக நெருங்கிக் கடைசியில் ஒட்டிக்கொண்டன. இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முன்னேற்றம் இவருடையதுதான் என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

“இந்த ரெண்டு கோடும் ஒட்டினதாலதான் சார் அவங்களுக்கு வேலை கெடைக்கல” என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். 

“வருத்தமான விஷயம்தான்” என்றார் ஒருங்கிணைப்பாளர். “ஆனால் அது நம் ஆய்வின் எல்லைக்குள் வராது.”

பிறகு சமோசா வந்தது. நான் சாப்பிடவில்லை.  நோயாளிக்குத் தன்னைப் பற்றி உண்மை சொல்லப் பழக்கிவிட்டோம், சரி. அந்த உண்மையைக் கேட்கப்போகிறவனுக்கு யார் பழக்குவது? அவன் கையில் எந்த டேப்லெட்டைக் கொடுப்பது? தன் கணிப்பு எத்தனை தடவை பொய்த்தது என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்காத ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், ஒவ்வொரு நாளும் தன்னைச் சரிபார்த்துக்கொண்ட பெண் அவன் முன்னால் நிற்பாள், நம்பத் தகாதவள் என்று அவளைத்தான் அனுப்புவார்கள். இதைத்தான் திருச்சியில் சமோசா தின்றுகொண்டு முன்னேற்றம் என்றோம்.

டேப்லெட்டுகளைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா மையத்துக்கு வருவதும் குறைந்து, நின்றுபோனது. சில மாதம் கழித்து அண்ணன் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கீரனூர்ப் பக்கம் ஒரு விடுதி மெஸ்ஸில் அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். காண்ட்ராக்டர் அவசரமாக ஆள் எடுத்தாராம். ஒடம்புக்கு ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்லங்க, முழுசா நல்லாருக்கேன், ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல” என்று டக்கென்று சொல்லிவிட்டாராம்.

“இப்பத்தான் மேடம் அதுக்குப் புத்தி வந்திருக்கு” என்றார் அண்ணன்.

ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். மெஸ்ஸின் பின்கதவு திறந்திருந்தது. பெரிய அண்டாவுக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார், முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓடியது சந்தோஷம் என்று சொல்ல ஆசைதான். அது பயம்.

“எப்படிக்கா இருக்கீங்க?”

“எனக்கென்ன தங்கச்சி, நல்லாருக்கேன்” என்று அந்தப் பெண்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

“மாத்திரை?”

“அண்ணன் பழைய சீட்டக் காட்டி வாங்கியாருது.”

“டாக்டரப் பாக்கணுமேக்கா. அளவு மாத்த வேண்டியிருக்கலாம்.”

“லீவு கேக்கணும். எதுக்குன்னு கேப்பாக. இங்க காய் நறுக்குதே, அது மகன் அந்த ஆஸ்பத்திரியிலதான் சீட்டுப் போடுறான். எப்புடிப் போறது?”

“சத்தம் எப்படி இருக்கு?”

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். மேல் உதட்டில் வேர்த்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது, பல நாளாகத் தூங்காத கண்.

“நல்லாருக்கேன்னு சொன்னேன்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அக்கா, எங்கிட்ட மட்டுமாவது...”

“இனிமே இங்கிட்டு வராதீங்க தங்கச்சி. யாரு இதுன்னு கேப்பாக. தெரிஞ்ச பொண்ணுன்னு ஒரு தடவ சொல்லிச் சமாளிச்சிருவேன், ரெண்டாந் தடவ முடியாது. ஒங்கள வேணாங்கல. எனக்கு வேல வேணும்.”

உள்ளேயிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இந்தா வாரேன்” என்று சிரித்தபடி போனார்.

அந்த மெஸ்ஸில் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. அதை நான் முழுசாகச் சொல்வேன், அவர் கை அப்படி. ஆகப்போவது அவருக்குத்தான். நோய் திரும்பத் தொடங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது. அதை அவர் சொல்லவேண்டிய டாக்டரிடமும் போக முடியாமல், சொல்லக்கூடிய என்னையும் வாசலோடு அனுப்பிவிட்டு, நல்லாருக்கேன் நல்லாருக்கேன் என்று சொல்லிக்கொண்டு அங்கே நிற்கிறார்.